புரட்டாசிச் சனியும் வாலிபர் ஐக்கியச் செயலாளரும்

பிறரைச் சந்தேகப்படுவதற்குப் பெரிய புத்திசாலித்தனம் எல்லாம் தேவையில்லை. வேலை வெட்டி இல்லாமல் இருந்தால் போதும். எண்பதுகளின் கடைசியில் எனக்கு அந்தத் தகுதி பரிபூரணமாக இருந்தது. பி.காம். முடித்துவிட்டு, ராஜபாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து சபைக்கும், சபையிலிருந்து வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தேன். (வழியில் ஒரு டீக்கடை உண்டு. அங்கே கடன் சொல்லும் தைரியம் இல்லாததால் வேகமாக நடப்பேன்.)

எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியத்துக்கு நான் செயலாளர். முந்தைய செயலாளர் தூத்துக்குடியில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அதனால் இந்த முறை, வேலையே கிடைக்காது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒருவனைப் போட வேண்டும் என்று சபையார் யோசித்திருக்கிறார்கள். என்னை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். அது என் திறமைக்குக் கிடைத்த பதவி என்று நான் வெகுகாலம் நம்பினேன்.

ஒருநாள் போதகர் ஐயா கூப்பிட்டு அனுப்பினார்.

"ஜெபராஜ், தளவாய்புரத்துலயும் கான்சாபுரத்துலயும் சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கூட்டம் ஆரம்பிக்கப் போறோம். கதை சொல்ல, பாட்டுச் சொல்லிக்கொடுக்க நம்ம ஐக்கியத்துல இருந்து மூணு தலைவர்கள் வேணும். சம்பளம் கிடையாது. நல்ல சாட்சி உள்ளவங்களாப் பாத்துச் சொல்லு. அடுத்த மாசம் முதல் ஞாயிறு ஆராதனையில பேரை அறிவிக்கணும்."

எங்கள் சபைப் பேச்சில் ஒருவருக்கு நல்ல சாட்சி இருக்கிறது என்றால், ஊருக்குள் அவர் நடத்தையைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது என்று அர்த்தம். நான் தலையை ஆட்டினேன்.

"உன்னால முடியலைன்னா சொல்லிரு. செல்லையா அண்ணாச்சி பாத்துக்கிடுதேன்னு சொல்லியிருக்காவ" என்றார் ஐயா.

செல்லையா அண்ணாச்சி பஸ் கண்டக்டர். சபைக் கமிட்டியில் மூத்தவர். வாலிபர்கள் என்பவர்கள் படிக்கட்டில் தொங்குவதற்கென்றே பிறந்தவர்கள் என்பது அவருடைய அனுபவம். அவர் கைக்குப் பொறுப்பு போனால் முதல் வேலையாக ஐக்கியத்தின் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். என் வாழ்க்கையின் ஒரே பதவி அந்தச் சாவியோடு போய்விடும். "முடியும் ஐயா" என்றேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். நல்ல சாட்சியை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒருவன் நல்லவனாகத் தெரிந்தால், அவன் நல்லவனாக இருக்கலாம், அல்லது நடிக்கலாம். இரண்டையும் பிரிப்பதற்கு நானே ஒரு கேள்வியைத் தயாரித்தேன். ஆர்வம் உள்ளவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து, "உங்ககிட்ட இருக்கிற பெரிய குறை என்ன?" என்று கேட்பது. (இதைக் கேட்கும்போது நான் மோவாயைத் தடவிக்கொள்வேன். அப்போது தடவ அங்கே தாடி கிடையாது.)

முதலில் வந்தவன் ஸ்டீபன். குறையைக் கேட்டதும் உற்சாகமாகிவிட்டான். கோபம், பொறாமை, தூக்கம், பக்கத்து வீட்டுக் கொய்யாமரம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனான். இப்படிச் சந்தோஷமாகச் சொல்கிறவன் சொல்லாமல் விட்டது எவ்வளவு இருக்கும்? பட்டியலில் அவன் பெயரை அடித்தேன். அடுத்தவன் ரூபன், "அப்படி ஒண்ணும் பெருசா இல்லண்ணே" என்றான். அகந்தை. அடித்தேன். எஸ்தர் என்று ஒரு பெண், ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தாள். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என் குறைய உங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்?"

"செயலாளர்ங்கிற முறையில கேக்கேன்."

"அப்ப செயலாளர் குறைய மொதல்ல சொல்லுங்க. அது மாதிரியே நானும் சொல்லுதேன்."

மூன்று கோடு போட்டு அடித்தேன்.

கடைசியில் மிச்சம் தங்கராஜ். பஞ்சாலையில் வேலை பார்ப்பவன். ஞாயிறுதோறும் ஆராதனையில் வேதபாடம் வாசிப்பது அவன்தான். கணீரென்ற குரல். அவன் வாசித்தால் தூங்கும் பெரியவர்கள்கூட எழுந்து உட்கார்ந்து, பிரசங்கம் ஆரம்பித்த பிறகுதான் மறுபடி தூங்குவார்கள். அவனிடமும் கேட்டேன்.

"பொறுமை செத்த கம்மிண்ணே" என்றான். சிரித்தான். அவ்வளவுதான்.

மிகச் சரியான பதில். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இவ்வளவு சரியாக ஒருவன் பதில் சொல்கிறான் என்றால், எங்கேயோ பெரிதாக ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறான்.

துருவித் துருவி யோசித்தபோது ஒன்று பிடிபட்டது. சனிக்கிழமை ஐக்கிய ஜெபத்துக்கு அவன் சில வாரங்களாக வரவே இல்லை. கேட்டால், "சோலி இருக்குண்ணே" என்பான். ஆலைக்குப் போய் விசாரித்தால், சனிக்கிழமை அவனுக்கு வேலை இல்லையாம். அதோடு, ஞாயிறு காலையில் கைகுலுக்கும்போது அவன் கையில் லேசாகத் துளசி வாசனை. முதலில் சோப்பு என்று நினைத்தேன். மறுவாரமும் அதே துளசி. பஞ்சாலையில் ஏதப்பா துளசி?

அறிவிப்பு ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமை. அம்மாவிடம் கான்சாபுரத்தில் ஜெபக்கூட்டம் என்று சொன்னேன். ஜெபக்கூட்டத்துக்குப் போகிறவன் வெறுங்கையோடு போக முடியாது என்பதால், கறுப்பு ஜிப் உறை போட்ட என் வேதாகமத்தை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டேன். பேருந்து நிலையத்தில் தூண் மறைவில் நின்றேன். தங்கராஜ் வந்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினான். நான் பின்பக்கமாக ஏறி, செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். (தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்ததைப் பக்கத்தில் இருந்தவர் சொல்லித்தான் திருப்பினேன். நன்றிகூடச் சொல்லவில்லை. குரல் காட்டிக்கொடுத்துவிடுமே.)

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியவன் இன்னொரு பஸ்ஸில் ஏறினான். புரட்டாசிச் சனிக்கிழமை சிறப்புப் பேருந்து. திருவண்ணாமலைக்குப் போவது. ஊருக்குப் பக்கத்தில் குன்றின் மேல் பெருமாள் இருக்கும் அந்தத் திருவண்ணாமலைதான். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. வருத்தத்தில் என்று நினைத்துவிடாதீர்கள். சந்தோஷம்! நான் சந்தேகப்பட்டது சரியாகிவிட்டதே என்ற கேவலமான சந்தோஷம்.

மலையடிவாரத்தில் இறங்கினால் ஜனக்கடல். சுற்று வட்டாரமே திரண்டு வந்திருந்தது. 'கோவிந்தா, கோவிந்தா' என்று படியேறுகிறவர்கள் ஒரு பக்கம், குளத்தில் முங்குகிறவர்கள் ஒரு பக்கம். தங்கராஜ் கூட்டத்தில் நுழைந்து, ஒரு தகரக் கொட்டகைக்குள் போய்விட்டான். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வசதியான இடம் தேடினேன். கொட்டகைக்கு நேர் எதிரே, குளத்தோரமாக, வரிசையாக ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே போய் நின்றேன்.

"ஒத்தையாவா வந்திய தம்பி?" என்றார் வரிசையில் இருந்த மீசைக்காரர் ஒருவர்.

"ஆமா."

"எந்த ஊரு?"

"ராஜபாளையம்."

"நாங்க கான்சாபுரம். குடும்பத்தோட வந்திருக்கோம். எதுக்கு நிக்கிய, எங்களோட உக்காருங்க. ஏலே, தம்பிக்கு எடம் விடு." அவருடைய மருமகன்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். கான்சாபுரத்துக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்ன பொய் பாதி உண்மையாகிவிட்டதில் எனக்கு மனசு லேசாயிற்று. உட்கார்ந்தேன்.

அது முடி காணிக்கை கொடுக்கிறவர்களின் வரிசை. எனக்கு அது தெரியாதா? தெரியும். கண் இருக்கிறதே. ஆனால் என் புத்தி முழுவதும் கொட்டகைக்குள் இருந்தது. என் முறை வருவதற்குள் எழுந்துவிடலாம் என்று ஒரு கணக்கு. யாரோ தலையில் தண்ணீர் தெளித்துத் தேய்த்தார்கள். கூட்டத்தில் குளத்துத் தண்ணீர் தெறிக்கிறது என்று நினைத்துத் துடைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயம் பார்த்துத் தங்கராஜ் கொட்டகையிலிருந்து வெளியே வந்தான். கையில் சொம்பு. நேராக என்னைப் பார்த்து நடந்து வந்தான். எழுந்து ஓடினால் மாட்டிக்கொள்வேன். ஒரே வழிதான் இருந்தது. முகம் தெரியாதபடி தலையை நன்றாகக் குனிந்துகொண்டேன்.

முடி எடுப்பவர் எல்லோரிடமும் "குனிங்க சாமி, குனிங்க சாமி" என்று கெஞ்சிக் களைத்திருந்தார். சொல்லாமலே இவ்வளவு பக்தியாகக் குனிந்த ஒரு தலையைப் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. 'சர்ர்' என்று நெற்றியிலிருந்து உச்சி வரைக்கும் ஒரே இழுப்பு. என் மடியில் கொத்தாக முடி விழுந்தது. வாயைத் திறந்தேன். தங்கராஜ் எனக்கு இரண்டு முழம் தள்ளி நின்று சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தான். வாயை மூடிக்கொண்டேன்.

அவன் போன பிறகு, "போதும்" என்றேன் முனகலாக.

"போதுமா?" என்றார் முடி எடுப்பவர். "நடுவுல மட்டும் ரோடு போட்ட மாதிரி இருக்கு சாமி. இப்படியே போறீயளா?"

யோசித்துப் பார்த்தேன். "முழுசா எடுத்துருங்க" என்றேன்.

கான்சாபுரத்து மீசைக்காரர் அன்பாக என் தலை முழுக்கச் சந்தனம் அப்பிவிட்டார். கையில் ஒரு புளியோதரைப் பொட்டலமும் கொடுத்தார். நான் ஒரு வேப்பமரத்தடிக்குப் போய் நின்று, தடவித் தடவிப் பார்த்தேன். அது என் தலை மாதிரியே இல்லை. அழுகையாக வந்தது. சாப்பிட்டேன்.

அப்போது மரத்தின் மேல் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கி கரகரத்தது.

"கான்சாபுரத்திலிருந்து வந்திருக்கும் பேச்சியம்மாள் அவர்களே... உங்கள் மகன் முருகன் பத்திரமாக இங்கே இருக்கிறான்... மைக் செட் கொட்டகைக்கு வந்து கூட்டிச் செல்லவும்..."

கணீரென்ற குரல். ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகத்தை வாசிக்கும் அதே குரல். அப்போதுதான் கொட்டகைக்கு மேலே எழுதியிருந்த பெயர்ப் பலகையைப் பார்த்தேன். ராஜபாளையம் காதர் பாயின் மைக் செட். ஆக, பெருமாள் கோயில் திருவிழா, காதர் பாயின் மைக், அதில் பேசுவது எங்கள் தங்கராஜ். இவ்வளவுதான் அவன் ரகசியம். கொட்டகை வாசலில் குவிந்திருந்த துளசி மாலைகளையும் இங்கிருந்தே பார்க்க முடிந்தது. இதற்காக நான் தலையைக் கொடுத்திருக்கிறேன்.

சரி, யாருக்கும் தெரியாமல் நழுவிவிடலாம் என்று திரும்பியபோதுதான் கையில் ஏதோ குறைவது தெரிந்தது. மஞ்சள் பை! ஒலிபெருக்கி மறுபடி கரகரத்தது.

"முடி எடுக்கும் இடத்தில்... கறுப்பு உறை போட்ட புத்தகம் ஒன்று... மஞ்சள் பையோடு கண்டெடுக்கப்பட்டுள்ளது... உரியவர் வந்து பெற்றுக்கொள்ளவும்..."

தங்கராஜின் குரல் கொஞ்சம் தடுமாறியது. அது என்ன புத்தகம் என்று பார்த்திருக்கிறான். யாருடையது என்றும் பார்த்திருக்கிறான். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நல்லவன். ஆனால் காதர் பாய் தொழிலில் கண்டிப்பானவர். விவரம் முழுவதாகச் சொல்லாமல் அறிவிப்புச் செய்வது அவருக்குப் பிடிக்காது. மைக்கைப் பிடுங்கும் சத்தம் மலை முழுக்கக் கேட்டது.

"என்னலே பாதியிலயே நிறுத்திட்டெ... இங்க கொண்டா... அதாகப்பட்டது, மொட்டை போட்ட எடத்துல பைபிள விட்டுட்டுப் போன, ராஜபாளையம் வாலிபர் ஐக்கியம், செயலாளர், எஸ். ஜெபராஜ் பி.காம். அவர்கள்... எங்கிருந்தாலும் உடனடியாக மைக் செட்டுக்கு வரவும். செயலாளர் ஜெபராஜ் பி.காம்.!"

(முதல் பக்கத்தில் பட்டத்தோடு பெயர் எழுதியது என் குற்றம்தான்.)

கோவிந்தா போடுவதை நிறுத்திவிட்டு ஜனங்கள் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். நான் பையை வாங்கவே போகவில்லை. பேருந்தைப் பார்த்து ஓடினேன். ஓடிப்போய் ஏறி, கடைசி இருக்கையில் உட்கார்ந்து, சட்டையைத் தூக்கித் தலையை மூடிக்கொண்டேன். யாரோ பக்கத்தில் வந்து விசிலை வாயிலிருந்து எடுத்தார்கள்.

"ஸ்ரீவில்லிபுத்தூரா, ராஜபாளையமா?"

நிமிர்ந்து பார்த்தேன். சிறப்புப் பேருந்தின் கண்டக்டர் செல்லையா அண்ணாச்சி.

அவர் என் தலையைப் பார்த்தார். மேலே ஒலிபெருக்கியைப் பார்த்தார். மறுபடி தலையைப் பார்த்தார். டிக்கெட்டைக் கிழித்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டு, "பத்திரமா வச்சிரு. நாளைக்குத் தேவைப்படும்" என்றார்.

வீட்டில் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கான்சாபுரத்துல ஜெபக்கூட்டம் இம்புட்டு உருக்கமாவா இருந்துச்சு?"

மறுநாள் ஆராதனைக்கு முன்னால் போதகர் ஐயாவின் அறையில் என்னை நிறுத்தினார்கள். செல்லையா அண்ணாச்சி எதிரே உட்கார்ந்திருந்தார்.

"என்னத்துக்குலே நேந்துகிட்ட? வேலைக்கா?" என்றார்.

"நேந்துக்கலை அண்ணாச்சி. தங்கராஜ் எங்க போறான்னு வேவு பாக்கப் போனேன்."

"ஒருத்தனை வேவு பாக்கப் போனவன் மொட்டை போட்டுக்கிடுவானா? ஏலே, இருவது வருசமா டிக்கெட் எடுக்காதவன் சொல்லுத கதையெல்லாம் கேட்டவன் நான். இம்புட்டு மோசமான கதையக் கேட்டதே இல்ல."

யோசித்துப் பாருங்கள். உண்மையைச் சொன்னால் நம்பவில்லை. நம்பினாலும், சபையில் ஒருவனை ஒளிந்து பின்தொடர்ந்த கயவன் என்று ஆகிறது. ஐக்கிய அறையின் சாவி கண் முன்னால் ஆடியது.

தங்கராஜ் உள்ளே வந்தான். கையில் என் மஞ்சள் பை. அவன் முகம் வெளுத்திருந்தது. என்னால் இப்போது அவனுடைய விஷயமும் சந்திக்கு வந்துவிட்டது. கோயிலில் வேலை பார்த்தான் என்று இனி பீடத்தருகே நின்று வாசிக்கக்கூட விடமாட்டார்களோ என்று பயந்திருக்கிறான். அதனால்தான் இத்தனை நாள் சொல்லவும் இல்லை. எனக்கு அப்போதுதான் உண்மையாக வெட்கம் வந்தது. மொட்டைக்கு வந்ததெல்லாம் வெட்கமே இல்லை.

"அங்க என்னப்பா செய்யிறெ?" என்றார் போதகர் ஐயா.

"கூலி வேலைதான் ஐயா. புரட்டாசிக்கு மட்டும். காதர் பாய்க்கு ஆள் பத்தலை. காணாமப் போற பிள்ளைகள மைக்ல சொல்லி அவுக ஆத்தா அப்பங்கிட்ட சேக்கணும்."

"பிள்ளைக அழாதா?"

"அழும் ஐயா. மடியில உக்காரவச்சு ஒரு கதை சொல்லுவேன். பொறவு ஒரு பாட்டு. ஆத்தா வந்து கூப்பிட்டாலும் சிலது போகாது. முடிச்சிட்டு வாரேன்னு சொல்லும்."

போதகர் ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார். கதை சொல்ல ஆள் தேடச் சொன்னவர் அவர். தேடியவன் நான். என் தலையில் எங்கோ இன்னும் ஒட்டியிருந்த சந்தனம் அரித்தது. சொறியத் தைரியம் வரவில்லை.

"அது எப்படி ஐயா, கோயில் திருவிழாவுல வேலை பாத்தவன..." என்று ஆரம்பித்தார் செல்லையா அண்ணாச்சி.

"நீங்க அந்தத் திருவிழாவுக்கு ஸ்பெஷல் பஸ்ஸுல போகலையா அண்ணாச்சி?" என்றார் ஐயா.

அண்ணாச்சி விசிலை மறந்த கண்டக்டர் மாதிரி சட்டைப்பையைத் தடவ ஆரம்பித்தார்.

"மத்த ரெண்டு பேரு யாரு ஜெபராஜ்?" என்றார் ஐயா. யாரும் இல்லை, எல்லோரையும் அடித்துவிட்டேன் என்றேன். காரணம் கேட்டார். சொன்னேன். எஸ்தரின் பதிலைச் சொன்னபோது மேசையைத் தட்டிச் சிரித்தார். "உன்கிட்டயே திருப்பிக் கேட்டுச்சா? அந்தப் பிள்ளைய மொதல்ல போடு. குறையெல்லாம் வாய்விட்டுச் சொன்னானே, அந்த ஸ்டீபனையும் போடு."

தங்கராஜ் மட்டும் தயங்கினான். "எனக்கு ஒரு ஆட்சேபணை இருக்கு ஐயா" என்றான். "ஜெபராஜ் அண்ணன் இனிமே என் பின்னால வரக்கூடாது. முன்னால போகட்டும். மொட்டை தெரியும், நானும் வழி தப்பாம வருவேன்."

அன்று ஆராதனையில் மூன்று பெயர்களையும் நான்தான் எழுந்து அறிவிக்க வேண்டியிருந்தது. சபை முழுவதும் பெயர்களைக் கேட்கவில்லை, தலையைத்தான் பார்த்தது. பெண்கள் பக்கம் எஸ்தர் முக்காட்டுக்குள் குலுங்கிக்கொண்டிருந்தாள். செயலாளர் பதவி எனக்கே இருந்தது. செல்லையா அண்ணாச்சி அதற்கு எதிராக ஒன்றும் சொல்லவில்லை. இவனை விட்டுவைத்து வேடிக்கை பார்ப்போம் என்று நினைத்திருக்கலாம்.

கூட்டம் தொடங்க முதல் சனிக்கிழமை கான்சாபுரம் போனோம். மீசைக்காரர் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நம்மகூட மொட்டை போட்ட தம்பில்ல! வாங்க, வாங்க" என்று அவர் வீட்டு முற்றத்தையே கூட்டத்துக்குக் கொடுத்தார். முதல் வரிசையில் உட்கார்ந்தவன் பேச்சியம்மாள் மகன் முருகன். மலையில் பாதியில் விட்ட கதையை முடிக்கச் சொல்லித் தங்கராஜை நச்சரித்தான்.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதவே வேண்டியதில்லை. முடி வளர்ந்து வகிடு எடுக்கும் நேரத்தில் எனக்கு ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை கிடைத்துவிட்டது. சபையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 'பாத்தியா, நேந்துகிட்டது பலிச்சிருச்சு.' சில வருஷம் கழித்து எஸ்தர் என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள். (ஏன் என்று அவளைத்தான் கேட்க வேண்டும். 'செயலாளர் குறையெல்லாம் எனக்கு முன்னாடியே தெரியுமே' என்பாள்.) அதற்கும் அதே பார்வை. நான் மறுத்து மறுத்து ஓய்ந்துபோனேன். ஒருவர்கூட நம்பவில்லை. வீட்டில் எந்தப் பொருளை நான் காணவில்லை என்று தேடினாலும், எஸ்தர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "கறுப்பு உறை போட்ட..." என்று காதர் பாய் குரலில் ஆரம்பித்துவிடுவாள்.

எங்கள் மகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சம்பந்தம் வந்தது. "நான் ஒரு எட்டுப் போயி, பையன் எப்படின்னு சத்தமில்லாம விசாரிச்சிட்டு வாரேன்" என்றேன். மகள் உள்ளே போய் ஒரு தொப்பியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். உட்கார்ந்துவிட்டேன்.

நான் விசாரிக்கவில்லையே தவிர, அவர்கள் எங்களை விசாரித்திருக்கிறார்கள். நிச்சயம் பேச வந்த அன்று, ஜெபம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருக்கும்போது, மாப்பிள்ளையின் தகப்பனார் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்கிடாதீங்க சம்பந்தி. ஊர்ல சொன்னாவ. அன்னைக்கு மலையில என்னதான் நேந்துகிட்டீங்க? நடந்துச்சா?"

இத்தனை வருஷமாகச் சொல்லிவந்த உண்மை தொண்டை வரை வந்தது. காபித் தட்டோடு நின்ற எஸ்தரைப் பார்த்தேன். அவள் பக்கத்தில் புடவையைச் சரிசெய்துகொண்டிருந்த மகளைப் பார்த்தேன்.

"நடந்துருச்சு சம்பந்தி" என்றேன்.

எஸ்தர் சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்த காபி முழுவதும் என் தலையில்தான் கொட்டியது.